1,12,500 ரூபாய்க்கு ஒரு கணக்கு



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வருஷம் ஏப்ரல் மாதம் இதே பக்கத்தில் உங்களிடம் பணம் கேட்டேன், ஞாபகம் இருக்கும். எங்கள் சபை வாலிபர் முகாமுக்கு என்று கேட்டேன். 34 வருஷம் கணக்கு டீச்சராக வேலை பார்த்தவள், காசுக்கு டியூஷன் எடுக்காதவள், படித்து முடித்துப் போன பிள்ளைகளிடம் கை நீட்டியது அதுதான் முதல் தடவை. நீங்கள் 41 பேர் அனுப்பினீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவன் 25,000 அனுப்பினான். தம்மாமில் லாரி ஓட்டுகிற ஒருவன் 2,000 அனுப்பி, "நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு டீச்சர்" என்று ஒரு வரி எழுதியிருந்தான். கோயிலுக்கே வராத பிள்ளைகள், வேறு கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிற என் பிள்ளைகள் ஒன்பது பேர் அனுப்பியிருந்தீர்கள். என் சித்தி ஒருத்தி கருப்பட்டி விற்ற காசு என்று 500 ரூபாயைப் பேரனிடம் கொடுத்துவிட்டாள். எல்லாம் சேர்த்து 1,12,500.

எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படமும் நன்றியும் அனுப்பினேன். கணக்கு அனுப்பவில்லை. நீங்களும் கேட்கவில்லை, டீச்சரிடம் யாராவது கணக்கு கேட்பார்களா? இப்போது அடுத்த முகாம் வருகிறது. "இந்த வருஷம் எவ்வளவு டீச்சர்?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் பழைய கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்தான் பொருளாளர். கணக்கு டீச்சர் என்பதால் ஐயர் என் தலையில் கட்டினார். நானும் சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

வரவு: முகாம் கட்டணம் தலைக்கு 600, வந்தவர்கள் 190 பேர், ஆக 1,14,000. நீங்கள் கொடுத்தது 1,12,500. சபை கொடுத்தது 25,000. மொத்தம் 2,51,500.

செலவு: பெரிய எல்.இ.டி. திரை இரண்டு நாள் வாடகை 40,000. சவுண்டும் லைட்டும் 42,000. சென்னையிலிருந்து வந்த பாடகர் குழுவுக்கு அன்பளிப்பு, போக்குவரத்து, தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 65,000. டி-ஷர்ட் 200, ஒன்று 240 வீதம் 48,000. வீடியோவும் ட்ரோனும் 15,000. சாப்பாடு 36,000. பிளெக்ஸ், செல்ஃபி எடுக்கிற இடத்துக்கு அலங்காரம் 5,500. மொத்தம் 2,51,500. கையிருப்பு பூஜ்யம்.

ஒரு ரூபாய் பிசகில்லை. சபைக் கமிட்டியில் வாசித்தபோது ஒரு கேள்வியும் வரவில்லை. கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டை மூடுகிற நேரத்தில்தான் கவனித்தேன். அந்த ஏழு இனங்களில் ஒரு இனமாவது இன்னொரு மனுஷனுக்காகச் செய்த செலவு கிடையாது. எல்லாம் நாங்கள் பார்த்தது, கேட்டது, போட்டுக்கொண்டது, தின்றது.

இனி அந்த இரண்டு நாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பள்ளிக்கூட மைதானம் முழுக்க ஒரே நிறத்தில் பிள்ளைகள். திரையில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கும். பூஜ்யம் வந்ததும் லைட்டெல்லாம் அணைந்து, புகை கிளம்பி, புகைக்குள்ளேயிருந்து கிட்டார்க்காரர் வருவார். கோயிலில் சாம்பிராணி போடலாமா என்று ஒரு காலத்தில் வருஷக்கணக்கில் சண்டை போட்ட எங்கள் பெரியவர்கள் இந்தப் புகைக்குக் கைதட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டி-ஷர்ட்டின் முதுகில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம். என்ன அர்த்தம் என்று நாலு பிள்ளைகளிடம் கேட்டேன். நாலு அர்த்தம் வந்தது.

இரண்டாம் நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அந்தச் சவுண்டு பெட்டியின் அதிர்வு நெஞ்சுக்குள்ளே வந்து இடிக்கிறது. நான் பி.பி. மாத்திரை போடுகிறவள். கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று பின்பக்கம் சமையல் கொட்டகைப் பக்கம் போனேன். அங்கே ஒரு பையன் சாம்பார் வாளி கழுவிக்கொண்டிருந்தான்.

அவனை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வருஷம்தான் பிளஸ் டூ எழுதியிருந்தான். அப்பா பனையேறி, மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு ஏறுவதில்லை. அம்மா ஓலைப்பெட்டி முடைகிறாள். அவன் ஹார்டுவேர் கடை ஒன்றில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். கிறிஸ்மஸ் பஜனைக்கு டிரம் அடிப்பவன், ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்புக்குக் கதை சொல்பவன். அவன் தங்கை பத்தாம் வகுப்பு. அவள் டி-ஷர்ட்டோடு முன்னால் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். இவன் டி-ஷர்ட் போட்டிருக்கவில்லை.

"சாப்பிட்டியாப்பா?" என்றேன்.

"வீட்டுல போயி சாப்பிட்டுக்கிடுவேன் டீச்சர்."

"ஏன், இங்க இவ்வளவு சாப்பாடு இருக்கு?"

"எனக்கு டோக்கன் கெடையாதுல்லா" என்றான்.

அதில் கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. எக்ஸ்பிரஸ் ரயில் நம்ம ஸ்டேஷனில் நிற்காதுல்லா என்று சொல்கிற மாதிரிச் சொன்னான்.

விஷயம் இதுதான். வீட்டில் 600 ரூபாய்தான் இருந்திருக்கிறது. அதைத் தங்கைக்குக் கட்டிவிட்டான். தனக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை என்று சேக்காளிகளிடம் சொல்லியிருக்கிறான். ஆனால் கடை முடிந்ததும் இரண்டு நாளும் வந்து, நாற்காலி போட்டு, பந்தி பரிமாறி, வாளி கழுவிவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

அந்த டோக்கன் விதி யாருடையது தெரியுமா? என்னுடையது. முதல் நாள் காலையில் சமையல்காரரிடம், "டோக்கன் இல்லாம ஒரு இலைகூடப் போடக் கூடாது, அப்புறம் எனக்குக் கணக்கு நிக்காது" என்று நான்தான் சொன்னேன். அதற்கு முன்னால் கமிட்டியில், கட்ட முடியாத பிள்ளைகளுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணலாமா என்று ஐயரம்மா கேட்டபோது, "ஒருத்தருக்குச் சலுகை கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்று சொன்னதும் நான்தான். என் கையில் அப்போது உங்கள் பணம் 1,12,500 இருந்தது. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று தம்மாமிலிருந்து வந்த அந்த 2,000 இருந்தது. அதில் இவனை மூன்று முறை சேர்த்திருக்கலாம்.

என் டோக்கனை எடுத்து நீட்டினேன். "பசிக்கலை டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாளியை எடுத்தான். மேடையில் அந்த நேரம் பாடகர் தன் முதல் கார் வந்த கதையைச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபித்த நிறமே கிடைத்ததாம். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

முகாம் முடிந்து பத்து டி-ஷர்ட் மிச்சம். ஒரு வாரம் கழித்து அதில் அவன் அளவுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். என் மனசாட்சிக்கு 240 ரூபாயில் மருந்து வாங்கப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் அம்மா "வாங்க டீச்சர், இருங்க" என்று முடைந்துகொண்டிருந்த ஓலையை ஒதுக்கி இடம் போட்டாள். பதநீர் கொடுத்தாள். பையன் டி-ஷர்ட்டை வாங்கி, மடிப்புக் கலையாமல் பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இப்பப் போட்டா மிச்சத்துல வந்ததுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும் டீச்சர். வேற யாருக்காவது குடுங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவன் அம்மா ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த டி-ஷர்ட் இன்னமும் என் பீரோவில்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, "ஆமா டீச்சர், அந்தக் காலத்துல இப்படியா இருந்துச்சு" என்று எழுத நிறையப் பேருக்குக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காலத்திலும் நான் இருந்தேன்.

1973-இல் எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் வாலிபர் சங்கம் சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகும். ஒரு பெட்ரோமாக்ஸ் லைட், ஒரு ஆர்மோனியம், ஒரு கஞ்சிரா. தேரி மணலில் சைக்கிள் மிதிக்க முடியாமல் பாதி தூரம் தள்ளிக்கொண்டு போவார்கள். போவார்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பொம்பிளைப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். நாங்கள் வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி வாங்கப் போவோம். சோறு பொங்குகிற பெண்கள் தினமும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். வாரக் கடைசியில் அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்குக் கொடுப்போம். திருநெல்வேலிச் சீமையில் தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம் அது.

அப்போதும் நாங்கள் ஒன்றும் ஞானிகளாக இல்லை. கிறிஸ்மஸ் நாடகத்தில் மரியாள் வேஷத்துக்கு எத்தனை சண்டை! ஏரோது வேஷம் போட்ட அண்ணன் சிவாஜி மாதிரி வசனம் பேசுவார். அதைப் பார்க்கவே அடுத்த ஊரிலிருந்து கூட்டம் வரும். சங்கக் கூட்டத்துக்குப் பையன்கள் வந்தது பாதி பாட்டுக்காக, பாதி எங்களைப் பார்ப்பதற்காக. எங்களுக்கும் அது தெரியும். ஆகவே பொழுதுபோக்கு இப்போதுதான் கோயிலுக்குள் புகுந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

சொன்னால் சரித்திரமே சிரிக்கும். பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சாவூரில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறவஞ்சி என்ன, பிரசங்கமா? குறத்தி வந்து குறி சொல்லுகிற ஆட்டக் கதை. ஜனங்கள் விரும்பிப் பார்த்த கலையை அவர் கையில் எடுத்துக்கொண்டார். 1844-இல் லண்டனில் துணிக்கடை வேலைக்காரப் பையன்களுக்காக ஜார்ஜ் வில்லியம்ஸ் ஆரம்பித்த ஒய்.எம்.சி.ஏ.வைப் பாருங்கள். கூடைப்பந்து 1891-இலும் வாலிபால் 1895-இலும் அமெரிக்காவில் அந்தச் சங்கத்து வாத்தியார்கள் உண்டாக்கிய விளையாட்டுகள். சாயங்காலம் ஆனால் எங்கள் ஊர்க் கோயில் மைதானத்தில் வலை கட்டி ஆடுகிறார்களே, அதுவே வாலிபர் ஊழியத்தில் பிறந்த பொழுதுபோக்குதான். என் மாணவர்களில் நாலு பேர் வாலிபாலால் போலீஸ் வேலைக்கும் ரயில்வேக்கும் போனார்கள்.

அப்படியென்றால் நான் எதைத்தான் குறை சொல்கிறேன்? நிறைய நாள் எனக்கே பிடிபடவில்லை. பிறகு கணக்கு மாதிரி எழுதிப் பார்த்தேன். வாலிபால் ஆட ஒரு பந்து போதும். வலைக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள்தான் நிற்க வேண்டும். நாடகத்துக்கு ஏரோதும் மேய்ப்பனும் எங்கள் தெருவிலேயே கிடைத்தார்கள். திரை கட்டியது, லைட் பிடித்தது, வசனம் மறந்து முழித்தது எல்லாம் நாங்கள். எங்கள் முகாமில் அந்த 190 பேருக்கும் இரண்டு நாளில் வேலை என்ன இருந்தது? பணம் கட்டுவது, உட்காருவது, எழுந்து கத்துவது, போட்டோ எடுப்பது. டிரம் அடிக்கத் தெரிந்த ஒரு பையன் வாளி கழுவினான். வாடகைக்கு வந்த டிரம்மர் மேடையில் அடித்தார்.

அசரியா அவர்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியாது. வெள்ளாளன்விளைக்காரர், 1874-இல் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இளைஞர்கள் நடுவில்தான் வேலை பார்த்தார். 1902-இல் யாழ்ப்பாணம் போன இடத்தில், அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவ வாலிபர்கள் தாங்களே பணம் சேர்த்து ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். வெள்ளைக்காரத் துரைமார் பணத்தை நம்பி நாம் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது என்று அவருக்குச் சுட்டது. அடுத்த வருஷம், 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பமானது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நம்ம ஆட்கள், நம்ம பணம். அந்தப் பணத்தில்தான் பாஷை தெரியாத தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் போனார்கள். பின்னால் அவரே அங்கே போய், 1912-இல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல் தடவை. இதெல்லாம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் நடந்த விஷயம். முகாமில் இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் கேட்டேன். நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்றார்கள். அது பரவாயில்லை, நான் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் முடிக்க மாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வாலிபர் சங்கச் செயலாளரும் என் மாணவன்தான். இந்தப் பதிவை அவனிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். அவன் கெட்ட பிள்ளை இல்லை. சொந்த வேலையை விட்டுவிட்டு ஒரு மாதம் அலைந்தான். அவன் சொன்னதையும் எழுத வேண்டும்.

"டீச்சர், நீங்க பெட்ரோமாக்ஸ் காலத்துல இருக்கீங்க. இந்தப் பிள்ளைங்க கையில போன் இருக்கு. விரலைத் தள்ளுனா உலகத்துல உள்ள அத்தனை பாட்டும் வருது. டவுன்ல பெரிய சபையில வாரம் வாரம் இந்த லைட்டு, இந்த மியூசிக். அங்க போயிருவாங்க. அங்க போனாக்கூடப் பரவாயில்லை, குடிக்கப் போயிரக் கூடாதுல்லா? வரவைக்கணும்னா ஏதாவது பண்ணத்தான் செய்யணும்."

இதில் பாதி நியாயம். பயம் முழு நியாயம். எங்கள் ஊரில் சாராயத்தாலும் பைக்காலும் எத்தனை பிள்ளைகளை அடக்கம் பண்ணியிருக்கிறோம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் கணக்குக்காரி. வருகைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். முகாமுக்கு முந்தின சனிக்கிழமை வாலிபர் கூடுகைக்கு வந்தது 23 பேர். முகாமில் 190. முகாமுக்கு அடுத்த சனிக்கிழமை 26. அதற்கடுத்து 22. மூன்றாவது வாரம் 19. அவன் பதிவேட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "மழை டீச்சர்" என்றான். ஜூன் மாதம் எங்கள் ஊரில் மழையா என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் அவனிடம் காட்டினேன். முகாமின் கடைசி வேளையில் பிள்ளைகளிடம் ஜெபக் குறிப்பு எழுதிப் போடச் சொல்லி ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். பாடகர் குழு அதன்மேல் கை வைத்து ஜெபித்துவிட்டு வேன் ஏறிவிட்டது. பெட்டி கோயில் அலுவலறையில் பழைய பிளெக்ஸுக்குக் கீழே கிடந்தது. ஆகஸ்ட் மாதம் அறையைக் கூட்டும்போது கண்டெடுத்தேன். ஒரு சீட்டுகூடப் பிரிக்கப்படவில்லை.

பிரித்துப் படிக்கலாமா என்று ஐயரிடம் கேட்டேன். கமிட்டியார் ஜெபிப்பதற்காகத்தானே எழுதினார்கள், படியுங்கள் என்றார். ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பைக் வேண்டும், ஐபோன் வேண்டும், கனடா விசா வேண்டும் என்று நிறைய. மேடையில் எதைச் சாட்சியாகச் சொன்னோமோ அதைத்தானே கேட்பார்கள்? அது பிள்ளைகள் தப்பில்லை. ஆனால் அதற்கு நடுநடுவே வேறு சீட்டுகளும் இருந்தன. அவற்றில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். குடிக்கிற அப்பாவைப் பற்றியும், யாரிடமும் சொல்ல முடியாத பயத்தைப் பற்றியும், சாக வேண்டும் போலிருக்கிறது என்றும் பேர் போடாமல் எழுதியிருந்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். கையெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கிற வியாதி எல்லா டீச்சருக்கும் உண்டு. இரண்டு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். ஐயரும் ஐயரம்மாவும் நானும் தனித்தனியாகப் போய்ப் பேசினோம். அந்தச் சீட்டு எழுதியது மே மாதம். நாங்கள் போனது ஆகஸ்ட். இடையில் மூன்று மாதம் அந்தப் பெட்டி பிளெக்ஸுக்குக் கீழே கிடந்தது. நல்லவேளையாக இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். இல்லாமல் போயிருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

போன மாதம் கமிட்டி கூடியது. நான் மூன்று விஷயம் கேட்டேன். கட்டணம் வேண்டாம். டி-ஷர்ட் வேண்டாம். ஜெபப் பெட்டி வைத்தால் அன்றைக்கே திறக்க வேண்டும். அதற்கு முன்னால், டோக்கன் விதி என்னுடையது என்று எழுந்து நின்று சொன்னேன். பையன் பேரைச் சொல்லவில்லை. ஐயரம்மா என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டது, கொடுக்க முடிந்தவர்கள் உண்டியலில் போடலாம். பெட்டி விஷயம் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். டி-ஷர்ட்டில் பெரிய சண்டை. "ஒத்துமையா இருக்கும், ஏழை பணக்காரன் தெரியாதுல்லா" என்று ஒருவர் வாதாடினார். யூனிபார்மைப் பற்றி நானே வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், பதில் சொல்லத் தெரியவில்லை. அது முடிவாகவில்லை. எல்.இ.டி. திரையும் முடிவாகவில்லை. வெளியூர்ப் பாடகர் குழுவுக்குப் பதிலாக நம்ம பிள்ளைகளே வாசிக்கலாம் என்றதற்கு, அவர்கள் வாசித்தால் கேட்க முடியாது என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மைதான், கேட்க முடியாது. 1973-இல் நாங்கள் பாடியதையும் கேட்க முடிந்திருக்காது.

என்னுடைய மாணவன் ஒருவன், அம்மன் கோயில் கொடைக் கமிட்டியில் இருப்பவன், இதையெல்லாம் போனில் கேட்டுவிட்டுச் சிரித்தான். "டீச்சர், எங்க கொடையிலயும் இதே கதைதான். வில்லுப்பாட்டுக்கு ஒதுக்குறதைவிட ஆர்கெஸ்ட்ராவுக்கு நாலு மடங்கு. வரி கட்ட முடியாதவன் அந்த வாரம் வெளியூருக்கு வேலைக்குப் போயிருவான்" என்றான். வெளியூர் வேலை. கடையில் லீவு இல்லை. பிள்ளைகள் எங்கேயும் ஒரே பொய்யைத்தான் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, நீங்கள் 41 பேரும் கொடுத்த பணத்துக்குக் கணக்கு மேலே சொன்னதுதான். திருட்டு ஒன்றும் நடக்கவில்லை. ரசீது எல்லாம் இருக்கிறது, கேட்டால் படமெடுத்து அனுப்புகிறேன். ஆனால் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று நீங்கள் கொடுத்தது அவர்களில் மிகவும் வேண்டியிருந்த ஒருவனுக்கு ஒரு இலைச் சோறாகக்கூடப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பொருளாளரான நான் காரணம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். தம்மாமில் இருக்கிற தம்பி, உன்னிடம் தனியாகக் கேட்கிறேன். நீ அந்த 2,000-க்கு எத்தனை மணி நேரம் வெயிலில் ஓட்டியிருப்பாய் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.

இந்த வருஷம் முகாமுக்கு என்று என் கூகுள் பேக்கு யாரும் எதுவும் அனுப்ப வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோயில் பக்கம் வந்து எட்டிப் பாருங்கள். அந்தப் பையன் இப்போது கடை வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் பி.காம். படிக்கிறான். ஜனவரியிலிருந்து சனிக்கிழமைகளில் கோயில் வராந்தாவில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறான். அவனாகத்தான் வந்து சாவி கேட்டான். பெரிய வகுப்புக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் என்றில்லை, பக்கத்துத் தெருவிலிருந்தும் வருகிறார்கள். போன வாரம் பதினோரு பேர். முடிந்ததும் அவன் டிரம் எடுப்பான். அதுவரை ஏழாம் வாய்ப்பாட்டில் திணறிய பிள்ளைகள் அதற்கு மட்டும் கணக்காகத் தாளம் போடுவார்கள்.

வராந்தாவில் ஒரு டியூப் லைட் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அதை மாற்றியாகிவிட்டது. 260 ரூபாய், நானே வாங்கிவிட்டேன். யாரும் அனுப்ப வேண்டாம்.